ஜே.சி. ரோடு ஏ.சி. பம்ப் ரிப்பேர் கிட்: எதைப் போடலாம், எதை ஓரம் கட்டலாம்

பெட்ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ என்று பழைய பெட்ரோல் லாரியை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர்களுக்குப் பெங்களூரில் ஒரு வசதி உண்டு. டேங்கிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் இழுக்கும் மெக்கானிக்கல் பம்ப், அதாவது ஏ.சி. பம்ப், ஒழுகினால் முழுப் பம்ப்பைத் தேடி அலைய வேண்டாம். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கேட்டால் பெயர் அச்சிடாத பிளாஸ்டிக் உறையில் ரிப்பேர் கிட் எடுத்துத் தருவார்கள். உள்ளே டயாப்ரம் (பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் சவ்வு), வால்வு இரண்டு, ஸ்பிரிங், ஆயில் சீல், ராக்கர் பின் (டயாப்ரத்தை இழுக்கும் ராக்கர் ஆர்ம் ஆடும் அச்சு), பேக்கிங்குகள் இருக்கும். விலை, உங்கள் அவசரம் கடைக்காரருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்தது.

வாங்கலாம். ஆனால் உறையில் இருப்பதையெல்லாம் அப்படியே பம்ப்புக்குள் போட்டுவிடக் கூடாது.

முதலில் ஒழுகல் எங்கே என்று பாருங்கள். ரிப்பேர் கிட் தேவையே படாமல் போகலாம். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் ஈரம் என்றால் கார்க் பேக்கிங் மட்டும் போதும். குழாய் வந்து சேரும் யூனியனில் ஈரம் என்றால் இரண்டு ஸ்பேனர் வைத்து, ஒன்றால் பம்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டை இறுக்க வேண்டும். ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் செம்புக் குழாய் முறுகும், பம்ப் பாடியின் மரையும் போகும். பாடியின் கீழ்ப்பகுதியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதில் பெட்ரோல் சொட்டினால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. எஞ்சின் ஆயில் சொட்டினால் டயாப்ரத்தின் கம்பியைச் சுற்றியுள்ள ஆயில் சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அடைத்தால் பெட்ரோல் நேராக ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஆயிலை மாற்றாமல் வண்டியைக் கிளப்பினால் பேரிங் போகும்.

இனி கிட். இதில் முக்கியம் டயாப்ரம்தான், கிட்டின் தரம் மாறுவதும் அதில்தான். சாதாரண நைட்ரைல் ரப்பர் பூசிய துணி டயாப்ரம் பழைய பெட்ரோலுக்குச் சரி. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதில் மட்டமான ரப்பர் ஊறி உப்பும், அடுக்குகள் பிரியும். எத்தனால் தாங்கும் ‘விட்டான்’ ரப்பர் பூசியதைக் கேட்டு வாங்குங்கள். நிறத்தைக் காட்டி விட்டான் என்பார்கள். நிறம் எதற்கும் சாட்சி இல்லை. கிட் இரண்டு வாங்கி, ஒன்றின் டயாப்ரத்தில் ஓரமாக ஒரு துண்டு வெட்டி, மூடிய பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிச் சில நாள் ஊற வைத்தால் உண்மை தெரியும். உப்பினாலோ பிசுபிசுத்தாலோ அந்தச் சரக்கே வேண்டாம்.

கடையிலேயே பழைய டயாப்ரத்தைப் பக்கத்தில் வைத்து ஓட்டைகளின் எண்ணிக்கை, விட்டம், கம்பியின் நீளம், நுனி வெட்டு நான்கையும் ஒப்பிடுங்கள். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று அம்பாசிடர் கிட்டையோ ஜீப் கிட்டையோ நீட்டினால் கையை நீட்டாதீர்கள். கம்பி கொஞ்சம் நீண்டாலும் பம்ப் இழுக்கும் அளவு குறையும்.

ஸ்பிரிங்கை ஓரம் கட்டுங்கள். பம்ப்பின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுதான். இந்த எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 பிஎஸ்ஐக்குள் போதும். கிட்டில் வரும் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் கார்ப்பரேட்டர் ஊசி வால்வை மீறி பெட்ரோல் வழியும். பழையது துருப் பிடிக்காமல், உடையாமல் இருந்தால் அதையே போடலாம். வால்வுகள் பரவாயில்லை, ஆனால் ஒன்று மேல் பார்க்க, ஒன்று கீழ் பார்க்க உட்கார வேண்டும். கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கர் பின்னைப் பழைய ஓட்டையில் நுழைத்துப் பாருங்கள், ஆடினால் ஓட்டை தேய்ந்துவிட்டது. புதுப் பின் மட்டும் அதைச் சரிசெய்யாது.

கிட் மட்டம் என்று திட்டுவதில் பாதி, கட்டும் முறையின் குற்றம். பிரிப்பதற்கு முன் மேல் பாடிக்கும் கீழ் பாடிக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு போடுங்கள், இல்லையென்றால் குழாய் வாய்கள் வேறு திசை பார்க்கும். இரண்டு பாடியின் விளிம்பும் வருஷக்கணக்கான இறுக்கத்தில் வளைந்திருக்கும். கண்ணாடிப் பலகையில் நைஸ் எமரி பேப்பர் ஒட்டி, மட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். டயாப்ரம் கம்பியை ஸ்பிரிங்கோடு அமுக்கி, கால் சுற்றுத் திருப்பினால் ராக்கரில் மாட்டிக்கொள்ளும். திருகுகளை விரலால் சுற்றும் அளவுக்கு மட்டும் போட்டுவிட்டு, ராக்கர் ஆர்மை முழுதாக அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டுதான், எதிரெதிர்த் திருகுகளாக இறுக்க வேண்டும். அமுக்காமல் இறுக்கினால் டயாப்ரம் தட்டையாக மாட்டிக்கொள்ளும். ராக்கர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் திருகு ஓட்டையைப் பிடித்து இழுக்கும், அங்கிருந்து கிழியும். “புதுசு போட்டும் ஒழுகுது” என்ற புகாருக்கு இதுவே முதல் காரணம்.

பேக்கிங்கில் ஷெல்லாக் தடவுவது பழைய பழக்கம். எத்தனாலில் ஷெல்லாக் கரைந்து கார்ப்பரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டும் பெட்ரோலில் ஊதிப் பிய்ந்து வரும். விளிம்பு சமமாக இருந்தால் இரண்டும் வேண்டாம்.

மாட்டும் முன் சோதனை: உள்ளிழுக்கும் வாயை விரலால் மூடி ஆர்மை நாலைந்து முறை அமுக்குங்கள், விரலை எடுத்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போக வேண்டும். பிறகு ஆர்மை அமுக்கி உறிஞ்சவிட்டு, வெளியேறும் வாயை மூடி, பம்ப் தலையை மண்ணெண்ணெயில் முக்கி ஆர்மை விடுங்கள். விளிம்பில் குமிழி வந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

எஞ்சினில் மாட்டும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஹேண்டில் போட்டுச் சுற்றி, ஆர்மை அமுக்கும் எஞ்சின் கேமின் மேடு விலகிய நிலையில் நிறுத்துங்கள். ஆர்ம் கேமின் சரியான பக்கத்தில் உட்கார்ந்ததா என்று கையால் உணர்ந்த பிறகே போல்ட் இறுக்குங்கள். மவுண்டிங் பேக்கிங் பழைய கனமே இருக்க வேண்டும். தடித்தால் ஆர்ம் கேமை விட்டு விலகி இழுப்பு குறையும். எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறியதும் விளிம்புத் திருகுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் பழையது என்றால் அதே நாளில் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். அது கிட்டில் வராது, தனியாகக் கேட்க வேண்டும்.