மென்பொருள் அருமை, சந்தாதான் கையை விடமாட்டேன் என்கிறது

பிடிஎஃப் கோப்புகளையும் ஸ்கேன் செய்த பக்கங்களையும் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றை விற்கும் தளத்தின் முகவரியை நண்பர் ஒருவர் அனுப்பி, "நீங்க இதைத்தானே ரொம்ப நாளா வச்சிருக்கீங்க, கார்டு நம்பர் கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். ஆமாம், வைத்திருந்தேன். போதும் என்று சொன்ன பிறகும் அது என்னை விடவில்லை. ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத வயிற்றெரிச்சல் கூடிக்கொண்டே போனதில் இவ்வளவு நீளமாகிவிட்டது. தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொல்லியும் பெரிய பயனில்லை. அதே நிறம், அதே பெரிய டவுன்லோட் பொத்தானோடு வேறு வேறு பெயர்களில் இப்படி எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன.

நியாயமான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் ஏறிய பிறகு சொல்ல மனம் வராது. மென்பொருள் நன்றாகவே வேலை செய்கிறது. தமிழ் பிடிஎஃப் கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு பத்தியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் 'போகிறோம்' என்பது 'ேபாகிேறாம்' என்று வந்து நிற்கும், கொம்பு ஒரு பக்கம் ஓடும், கால் தனியே கிடக்கும். ஸ்கேன் செய்த பழைய பக்கங்கள் என்றால் இன்னும் மோசம், துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றாக்கி, 'பாடம்' என்றிருந்ததை 'பரடம்' என்று கொடுக்கும் கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அந்த இரண்டு இடத்திலும் அநேகமாகத் தடுக்கி விழவில்லை. அட்டவணைகள்கூடக் கோடு கலையாமல் வந்தன. படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கும், ஆனால் செய்தித்தாள் மாதிரி பக்கவாட்டில் இரண்டாகப் பிரித்த அமைப்பும் அட்டவணையும் கலந்த பக்கத்தைக் கொடுத்தால் வரிகளை இஷ்டத்துக்குக் கோத்துவிடுகிறது. அதனால்தான் காசு கொடுத்து ஓராண்டுச் சந்தா எடுத்தேன். அந்த ஓராண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை முடிந்தது, ஆண்டு முடியும் முன்பே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தினேன், 'உங்கள் சந்தா ரத்து செய்யப்பட்டது' என்று மின்னஞ்சலும் வந்தது, அதைப் பத்திரமாக எடுத்தும் வைத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது.

கார்டு ஸ்டேட்மென்ட்டில் புதிதாக ஒரு வரி. தளத்தின் பெயர் அதில் இல்லை. சம்பந்தமில்லாத சில எழுத்துகள், ஒரு நட்சத்திரக் குறி, பாதியில் வெட்டுப்பட்ட ஒரு சொல், கடைசியில் ஒரு தொலைபேசி எண். இந்த இடத்தில் பொதுவாக 22 எழுத்து அளவுக்குத்தான் இடம் தருவார்கள், நட்சத்திரத்துக்கு முன்னால் வருவது பெரும்பாலும் பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகு நிறுவனத்தின் சுருக்கப் பெயர், பின்னால் வருவதுதான் உண்மையில் விற்றவர். ஆகவே இப்படி ஒன்றைப் பார்த்தால் அந்த வரி முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், அதே வரியைப் பார்த்துத் திட்டித் தீர்த்த வேறு யாராவது கட்டாயம் இருப்பார்கள். ஆனால் தேடலில் கிடைக்கும் 'ரீஃபண்ட் உதவி எண்' எதற்கும் போன் போட வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த திருடர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று உங்கள் திரையைப் பகிரச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள், போன பணம் சின்னது என்று தோன்றும்படி செய்துவிடுவார்கள்.

தேடியதில் அது 'பதிவிறக்கப் பாதுகாப்பு' என்ற துணைச் சேவை என்று தெரிந்தது. அது என்ன என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன், சிரிப்பதா அழுவதா என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளின் கோப்பை, பின்னாளில் கணினி மாற்றினால் மறுபடி இறக்கிக்கொள்ளும் உரிமை. அதற்கு மாதச் சந்தா! அதன் முதல் வருடம் இலவசமாம், அதனால்தான் அதுவரை சத்தமே இல்லை. பணம் கட்டும் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அந்தப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. பணம் போன பிறகு வரும் 'நன்றி' பக்கத்தில் 'பதிவிறக்கத்தைத் தொடங்கு' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால்தான் வாங்கிய பொருளே கையில் வரும். அந்த அழுத்தலையே இந்தத் துணைச் சேவைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். கார்டு விவரம் அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதால் மறுபடி எண்ணைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

தளத்துக்குள் போய்ப் பார்த்தால் என் கணக்குப் பக்கத்தில் 'சந்தா: ரத்து' என்று சாதுவாக இருக்கிறது. துணைச் சேவை வேறொரு தளத்தில், வேறொரு கணக்கில், நான் வைக்காத ஒரு கடவுச்சொல்லோடு ஓடிக்கொண்டிருக்கிறது. உதவிப் பக்கத்தில் எழுதினால் ஒரு டிக்கெட் எண்ணும், 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்ற வாசகமும் வரும். எனக்கு எங்கே பொறுமை இருந்தது?

இதுவரை நடந்தது எல்லோருக்கும் நடக்கக்கூடியதுதான். என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது அடுத்தது. வங்கியில் சொல்லி அந்தக் கார்டை முடக்கிப் புதுக் கார்டு வாங்கினேன். எண் புதிது, காலாவதித் தேதி புதிது, பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் புதிது. சரி, தொலைந்தது சனியன் என்று இருந்தேன். அடுத்த மாதம் அதே நட்சத்திரக் குறி, அதே வெட்டுப்பட்ட சொல், புதுக் கார்டில்! அந்த எண்ணை நான் அவர்களுக்குக் கொடுக்கவே இல்லை. எனக்கே இன்னும் மனப்பாடம் ஆகாத எண் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இது ஹேக்கிங் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். விசாவில் 'அக்கவுன்ட் அப்டேட்டர்' என்றும் மாஸ்டர்கார்டில் 'ஆட்டோமேட்டிக் பில்லிங் அப்டேட்டர்' என்றும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கார்டு காலாவதியாகிப் புதுசு வந்தால் மின்கட்டணம், காப்பீடு மாதிரியான தொடர் கட்டணங்கள் நின்றுவிடக் கூடாது என்று, இதில் சேர்ந்திருக்கும் வங்கிகள் புது விவரத்தை கார்டு நிறுவனத்துக்குக் கொடுக்கின்றன, அங்கிருந்து பழைய எண்ணை வைத்திருக்கும் வணிகர்களுக்கு அது போய்ச் சேர்கிறது. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான், எனக்கும் வேறு பல இடங்களில் உதவியிருக்கும். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் 'பதிவிறக்கப் பாதுகாப்பு'க்காரனுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. ஓடிபி ஏன் கேட்கவில்லை என்று நண்பர் கேட்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நாம் பணம் கட்டும்போதுதான் பொதுவாக அந்தச் சரிபார்ப்பு. அதன் பிறகு வணிகர் தானாக எடுக்கும் தவணைகள் வேறு வகை, நாம் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை.

ஆகவே கார்டை மாற்றினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வங்கியில் கேட்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, இந்த அப்டேட்டர் ஏற்பாட்டிலிருந்து என் கார்டை விலக்குங்கள் என்பது. இன்னொன்று, இந்தக் குறிப்பிட்ட வணிகரின் தொடர் கட்டணத்தை மட்டும் நிறுத்துங்கள் என்பது. விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் இப்படி நிறுத்துவதற்கென்றே தனி வசதி வங்கிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கஸ்டமர் கேரில் முதலில் பேசுபவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். என்னிடம் பேசியவர் "கார்டை பிளாக் பண்ணிடட்டுமா சார்?" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. தகராறுப் (டிஸ்ப்யூட்) பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்த ஒருவர் கிடைத்தார்.

பணத்தைத் திரும்பக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம். முதல் தொகைக்கு வங்கிச் செயலியில் புகார் கொடுத்தபோது அதில் இருந்த ஒரே வாய்ப்பு 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை' என்பது. அது நிராகரிக்கப்பட்டது. ஏனென்றால் அந்த வகை திருட்டுக்கானது, வணிகர் என் பெயர், மின்னஞ்சல், முதலில் நானே பணம் கட்டிய விவரம் எல்லாவற்றையும் நீட்டினால் கதை முடிந்தது. அடுத்தடுத்த தொகைகளுக்கு, 'ரத்து செய்த பிறகும் எடுக்கப்பட்ட தொடர் கட்டணம்' என்று எழுத்தில் கொடுத்தேன், ரத்து மின்னஞ்சலையும் தேதியோடு இணைத்தேன். இந்த வகைப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் வரை நேரம் உண்டு, ஆனால் வங்கிக்கு வங்கி உள் கெடு குறையலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். இலவச ட்ரையல்களுக்கு விசாவே 2020 ஏப்ரலில் விதியை இறுக்கியிருக்கிறது. ட்ரையல் முடிந்து கட்டணம் தொடங்கும் முன் வணிகர் நினைவூட்ட வேண்டும், எளிதாக ஆன்லைனிலேயே ரத்து செய்ய வழி தர வேண்டும். அப்படி ஒரு நினைவூட்டலும் வரவில்லை என்பதைப் புகாரில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டேன்.

வணிகர் சும்மா விடவில்லை, பதில் ஆதாரம் அனுப்பினார். அதை வங்கி எனக்கு அனுப்பியபோது படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். 'ரத்து செய்ததாகச் சொல்லும் தேதிக்குப் பிறகும் பயனர் சேவையைப் பயன்படுத்தியிருக்கிறார்' என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், ஐபி முகவரி. உண்மைதான், அத்தனை தடவையும் உள்ளே போனது நான்தான். எதற்குப் போனேன்? அந்தத் துணைச் சேவையை ரத்து செய்யும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனேன்! வெளியே போகும் வழியைக் கேட்டு வாசலில் நின்றதற்கு, வந்து போன கணக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் அனுப்பிய உதவிக் கடிதங்களின் தேதிகளும் அந்தப் பட்டியலின் தேதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியதைக் காட்டிய பிறகுதான் வங்கி என் பக்கம் சாய்ந்தது. முதல் தொகையைத் தவிர மற்றவை திரும்பி வந்தன.

இந்த அனுபவத்தில் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு என்றால் அது விர்ச்சுவல் கார்டு, அதாவது அட்டையே இல்லாமல் எண் மட்டும் உள்ள கார்டு. பல வங்கிகள் செயலியிலேயே கொடுக்கின்றன. ஒரு தளத்துக்கு ஒரு எண், அதற்கு ஒரு உச்சவரம்பு, வேலை முடிந்ததும் மூடிவிடலாம். தெரியாத தளம் எதற்கும் இப்போது அதைத்தான் கொடுக்கிறேன், வரம்பைத் தாண்டி எடுக்கப் பார்த்து முடியாமல் போனதாக அறிவிப்பு வரும்போது ஒரு அற்பத் திருப்தி. ஆனால் அதுவும் கட்டணத்தைத்தான் தடுக்கும், சந்தாவை ரத்து செய்யாது, 'பாக்கி வைத்திருக்கிறீர்கள்' என்று மிரட்டல் கடிதம் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் ரத்தையும் தனியாக எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்குவது ரத்து ஆகாது. கைபேசிச் செயலிக் கடை வழியாக எடுத்த சந்தா என்றால் அந்தக் கடையின் சந்தாப் பகுதியில்தான் நிறுத்த வேண்டும், செயலியை அழித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இன்னொன்று, தேடலில் மேலே வரும் விளம்பரச் சுட்டியை அழுத்தி இறக்காதீர்கள். வீடியோ பார்க்கும் விஎல்சி, கோப்பைச் சுருக்கும் 7-ஜிப், படம் திருத்தும் ஜிம்ப் எல்லாம் அவரவர் சொந்தத் தளத்திலேயே சல்லிக்காசு வாங்காமல் கிடைக்கின்றன. அதையே ஒரு உறைக்குள் போட்டுக் கார்டு எண் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, தீர்ப்பு. தமிழ் எழுத்துகளைக் கையாளும் விதத்துக்கு இந்த மென்பொருளுக்கு நிகராக இன்னும் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. போன வாரம்கூட ஒரு பழைய அட்டவணையை டெசராக்டில் போட்டு, வந்ததைக் கையால் திருத்திக்கொண்டிருந்தபோது அதை நினைத்தேன். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தாலும் தமிழ் எழுத்துகள் வந்துவிடுகின்றன, வடிவம்தான் கலைகிறது. பணம் திரும்பி வந்த அன்றைக்கு நண்பர் கேட்டிருந்தால், விர்ச்சுவல் கார்டில் எடுங்கள், ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லியிருப்பேன். இன்றைக்குக் காலையில் அதே தளத்திலிருந்து 'உங்களை மிஸ் பண்ணுகிறோம், முதல் மாதம் இலவசம்' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதனால் வேண்டாம். திருத்த நேரம் ஆனால் ஆகட்டும், டெசராக்டிலேயே போடுங்கள். ஏற்கெனவே கார்டு எண்ணைக் கொடுத்துத் தொலைத்திருந்தால் சொல்லுங்கள், வங்கிக்கு நான் கொடுத்த புகார்க் கடிதத்தை அனுப்புகிறேன், பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.