நான்கு ஆண்டுகள், 2,740 லிட்டர்: ஒரு மைலேஜ் கணக்கு

2021 அக்டோபரில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் என்னுடையது. பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, ஓடோமீட்டர் அளவு, லிட்டர் ஆகிய மூன்றையும் ஒரு சிறிய நோட்டில் எழுதிவந்திருக்கிறேன். நான்கு ஆண்டுகள் நிறைந்த நிலையில் கார் 46,380 கிலோமீட்டர் ஓடி 2,740 லிட்டர் குடித்திருக்கிறது. அதாவது லிட்டருக்கு 16.9 கிலோமீட்டர். காரின் மைலேஜ் சோதனைச் சான்றிதழில் உள்ள அளவோ 23க்கும் மேல். அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்துவிட்டுச் சுமார் 20 நிமிடம் நடத்தப்படுவது. கோவையில் துடியலூரிலிருந்து காலை ஒன்பது மணிக்கு அவிநாசி சாலைக்குப் புறப்படுகிறவருக்கு அப்படிப்பட்ட 20 நிமிடம் வாய்ப்பதில்லை. மேம்பாலப் பணி நடந்த காலத்தில் என் நகர ஓட்டம் 13க்கும் கீழே இறங்கியதுண்டு.

கணக்கிடும் முறை எளிது: டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, இடையில் ஓடிய தொலைவை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஆனால் டேங்க் நிரம்பியதும் பெட்ரோல் தானாக நிற்கும் ஆட்டோ கட், பெட்ரோல் பங்குக்குப் பங்கு சற்று முன்பின்னாக விழும். ஒரு லிட்டர் வேறுபாடு 30 லிட்டர் நிரப்பும்போது 3 சதவீதத்துக்கு மேல் பிழையாகிவிடும் என்பதால், ஒரே பங்கில், முதல் கட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு டேங்கின் அளவை வைத்து மகிழ்வதையும் வருந்துவதையும் முதல் ஆண்டிலேயே விட்டுவிட்டேன்.

நோட்டில் நான் செய்த பெரிய தவறு சராசரிகளைச் சராசரி பார்த்தது. நகரத்தில் 10 லிட்டருக்கு 120 கிலோமீட்டர், சேலம் சாலையில் 30 லிட்டருக்கு 660 கிலோமீட்டர் என்றால், 12ஐயும் 22ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 17 வரும். உண்மையில் 780ஐ 40ஆல் வகுக்க வேண்டும், விடை 19.5. காரின் திரையில் தெரியும் சராசரியோ என் கணக்கைவிட ஏறக்குறைய எப்போதும் 8 அல்லது 9 சதவீதம் கூடுதலாகவே இருந்துவருகிறது. ஆனாலும் அந்தப் பிழை மாறாமல் இருப்பதால், இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட அந்தத் திரை போதும்.

அலுவலக நண்பரிடம் இதே மாடல், இதே ஆண்டு கார் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வந்துபோகும் அவர் தமக்கு 20 கிடைப்பதாகச் சொல்லி, என் ஓட்டும் விதத்தையே குறை கூறிவந்தார். கடைசியில் இரண்டு வாரம் கார்களை மாற்றிக்கொண்டோம். அவருடைய வழியில் என் கார் 20.1 தந்தது, என் வழியில் அவருடைய கார் 13.6 தந்தது. ஓட்டுபவரும் உடன் மாறியதால் இது முழுமையான சோதனையல்ல என்று அவர் இன்னமும் வாதாடுகிறார். அதுவும் நியாயந்தான்.

உண்மையில் என்னைக் குழப்பியது 2025. மார்ச் வரை ஓடிய முதல் 40,000 கிலோமீட்டருக்கு 17.05 ஆக இருந்த சராசரி, அதன்பின் ஓடிய 6,380 கிலோமீட்டரில் 16.2 ஆகக் குறைந்தது. 5 சதவீதச் சரிவு. பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதமானதுதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே கலப்பு 10லிருந்து 20 ஆகும்போது 3 சதவீதத்துக்குச் சற்று மேல் இழப்பு வருவது இயல்பு. மீதி எங்கே போனது என்று நோட்டைப் புரட்டியபோது, அதே மார்ச் மாதத்தில் நான்கு டயர்களையும் மாற்றியிருந்தது தெரிந்தது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால் ஓடோமீட்டர் ஓடாத தொலைவையும் சேர்த்து எண்ணும். 6 மில்லிமீட்டர் தேய்மானமே என் டயரின் அளவுக்கு 2 சதவீதம் வரும். பழைய டயரில் கிடைத்ததாக நான் பெருமைப்பட்ட மைலேஜில் ஒரு பகுதி, கார் ஓடவே இல்லாத கிலோமீட்டர்கள்.

கூட்டினால் 5 சதவீதம் பொருந்துகிறது. ஆனாலும் இரண்டும் ஒரே மாதத்தில் நேர்ந்ததால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. இப்போது நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: சேலம் சாலையில் போகும்போதெல்லாம் ஜிபிஎஸ் காட்டும் தொலைவு.