ஆலைக்குள் வரும் ரபி: ஓ.யு. கோஷர் சான்றிதழ் சேவை எப்படி?

வெளிநாட்டு பிஸ்கட் பொட்டலத்தின் மூலையில் வட்டத்துக்குள் ஒரு 'யு' எழுத்து இருக்கும். 1898இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்த்தடாக்ஸ் யூனியன் (ஓ.யு.) என்ற யூத அமைப்பின் முத்திரை அது. 1920களில் ஹைன்ஸ் நிறுவனத்தின் சைவ பீன்ஸ் டின்னில் ஏறியது. இன்று மசாலா, உணவு இடுபொருள் ஏற்றுமதி செய்யும் இந்திய ஆலைகளும் கோஷர் சான்று, அதாவது யூத உணவுச் சட்டப்படி ஏற்கத்தக்கது என்ற சான்று, வாங்குகின்றன.

வாங்கப் போகிறவர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. ரபி (யூத மத அறிஞர்) வருவார், பிரார்த்தனை சொல்லிப் பொருளை ஆசீர்வதிப்பார், முத்திரை கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காது. ரபி பூசாரி அல்லர். எருசலேம் ஆலயத்தில் பலியிடும் பணி கோஹென் என்ற பூசாரிப் பரம்பரையினருக்கு உரியதாக இருந்தது. ஜெப ஆலயத்தில் கூட்டு வழிபாடு நடத்தவும் ரபி கட்டாயம் இல்லை. ஆர்த்தடாக்ஸ் முறையில் வயதுவந்த பத்து ஆண்கள் கூடினால் போதும். ரபி என்பவர் யூத சட்டத்தைப் படித்து, அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்றவர். அந்தத் தகுதிக்கான படிப்பில் பெரும்பங்கு, 16ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஷுல்ஹான் அரூக் சட்டநூலின் உணவு விதிகள்: எதனோடு எது கலந்தால் என்ன ஆகும், சூடான பாத்திரம் எதை உறிஞ்சும் என்பவை. ஆகவே கொதிகலனும் கலவைத் தொட்டியும் அவர் படித்த படிப்புக்குள்ளேயே வருகின்றன.

நடைமுறை இதுதான். விண்ணப்பத்தோடு எல்லா மூலப்பொருள்களையும் தயாரிப்பாளர் பெயருடன் தர வேண்டும். ஆலைக்கு நேரில் வரும் ரபி ஒருவர். அலுவலகத்தில் இருந்து கோப்பைப் பார்க்கும் ரபி வேறொருவர். ஒப்பந்தத்தில் இரண்டு பட்டியல்கள் சேரும். அனுமதித்த மூலப்பொருள்களுக்கு 'ஷெட்யூல் ஏ', சான்று பெற்ற தயாரிப்புகளுக்கு 'ஷெட்யூல் பி'. அதன்பிறகு சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வருவார்கள். உப்புக்குத் தனிச் சான்று தேவைப்படாது. கிளிசரின், எமல்சிஃபயர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்க உதவுவது), ஃப்ளேவர், மாத்திரையில் சேரும் ஸ்டியரேட் போன்றவை விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கோஷர் சான்று கேட்பார்கள். பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் நிறம் (இ120) கூடவே கூடாது.

"துளிதானே, அரை சதவீதம்கூட இல்லையே" என்ற வாதம் எடுபடாது. விலக்கப்பட்ட பொருள் தவறி விழுந்து, அதைப்போல் 60 மடங்கு மற்றது இருந்தால் பொதுவாக அது கரைந்துபோனதாகக் கொள்ளும் விதி உண்டு. தெரிந்தே சேர்ப்பதற்கு அந்தச் சலுகை இல்லை. இதற்குப் பெயர்பெற்ற தீர்ப்பு 1935இல் அட்லாண்டாவின் ரபி டோபியாஸ் கெஃபென் தந்தது. ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டு கோகோ கோலாவின் கலவையைப் பார்த்த அவர், அதில் மாட்டுக்கொழுப்புக் கிளிசரின் மிகச் சிறிய அளவில் இருப்பதைக் கண்டார். அளவு குறைவுதான், ஆனாலும் வேண்டுமென்றே சேர்ப்பதால் அனுமதிக்க முடியாது என்றார். நிறுவனம் தாவர எண்ணெய்க் கிளிசரினுக்கு மாறியது. மதச்சட்டம் தெரிந்த ஒருவர் தொழிற்சாலையின் கலவையையே மாற்ற வைத்த இந்தத் தீர்ப்பைப் படித்தால் சேவையின் அடிப்படை முழுவதும் விளங்கும்.

நம் ஊர் ஆலைகள் சறுக்குவது "நாங்கள் சுத்த சைவம்" என்ற நம்பிக்கையில்தான். பச்சைப் புள்ளி இங்கே போதாது. திராட்சை ஒயின், சாறு, அவற்றிலிருந்து வரும் வினிகர் எல்லாவற்றுக்கும் தனி மேற்பார்வை வேண்டும். நுண்ணுயிர் ரெனட் (பாலைத் திரிக்கும் நொதி) ஊற்றிய சைவ சீஸும் மேற்பார்வை இல்லாமல் செய்திருந்தால் செல்லாது. காலிஃபிளவர், கீரை வகைகளில் கண்ணுக்குத் தெரியும் பூச்சி இருந்தால் அதுவும் விலக்கு.

அதிகச் செலவு வைப்பது இயந்திரம். முன்பு கோஷர் அல்லாத பொருள் காய்ச்சிய தொட்டியை நன்றாகக் கழுவி, 24 மணி நேரம் சும்மா விட்டு, பிறகு கொதிநீரால் நிரப்பியோ சுழலவிட்டோ தூய்மையாக்க வேண்டும். நேரடி நெருப்பில் இயங்கும் அடுப்புக்கு இது போதாது; பழுக்கக் காய்ச்ச வேண்டும். பீங்கானுக்கு வழியே இல்லை. பலர் கவனிக்காதது நீராவி. கோஷர் அல்லாத வேறொரு தயாரிப்பு வரிசையைச் சூடாக்கிய நீராவி குளிர்ந்து, அந்தத் தண்ணீர் மறுபடி கொதிகலனுக்கே திரும்பினால், அங்கிருந்து கோஷர் வரிசைக்கும் போய்விடும். அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது ஒரு வழி. கொதிகலன் நீரில் சுவையைக் கெடுக்கும் பொருள் சேர்ப்பது இன்னொன்று. விண்ணப்பிக்கும் முன்பே நீராவிக் குழாய் வரைபடத்தை எடுத்து வைத்தால் ஒரு சோதனைப் பயணச் செலவு மிச்சமாகும்.

எங்கள் மதிப்பீட்டில் சேவையின் பெரிய பலம், ரபி ஆலையிடமிருந்து கைநீட்டிச் சம்பளம் வாங்குவதில்லை என்பது. பணம் அமைப்பு வழியாகப் போகிறது. அதனால் "முடியாது" என்று அவரால் தயங்காமல் சொல்ல முடிகிறது. கட்டணம் ஆலைக்கு ஆலை மாறுவதால், பயணச் செலவு உள்ளிட்ட மொத்தத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓய்வுநாளான வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை யாரும் பதில் தர மாட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். லேபிள் ஒப்புதலை அந்த வாரங்களுக்கு விடாதீர்கள். கொள்முதல் பிரிவு விலை குறைவென்று எமல்சிஃபயர் தயாரிப்பாளரை மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் சான்று பறிபோகும் வழி. ஷெட்யூல் ஏ பிரதி ஒன்று கொள்முதல் மேசையிலேயே இருக்கட்டும்.

லேபிள் அச்சுக்குப் போகும் முன் எழுத்தைச் சரிபாருங்கள். முத்திரையை அடுத்து 'டி' இருந்தால் பால் பொருள், அல்லது பால் ஓடிய இயந்திரத்தில் செய்தது. பாலும் இறைச்சியும் இல்லாத பொதுப் பொருளுக்குத் துணை எழுத்தே வராது. 'பி' பஸ்கா பண்டிகைக்கு உரியது. அதற்குத் தனி மேற்பார்வையில் தனித் தயாரிப்பு ஓட்ட வேண்டும்.