வாட்டை மட்டும் பார்த்து ஏமாந்த கதை: பிளக்கில் செருகும் வாட் மீட்டர்

வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இரண்டு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மின்சாரக் கெட்டில். எது எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் 850 ரூபாய் கொடுத்து இந்த மீட்டரை வாங்கினேன். சுவர் சாக்கெட்டில் இதைச் செருகி, இதன் முகத்தில் இருக்கும் சாக்கெட்டில் நம் சாமானைச் செருக வேண்டும். பெரிய பின், சின்னப் பின் இரண்டும் நுழைகின்றன. வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர், இதுவரை ஓடிய யூனிட் எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டும். 16 ஆம்பியர் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 3680 வாட். அடுக்களைக்கு அது தாராளம்.

முதலில் கெட்டிலைத்தான் போட்டேன். அடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சடித்திருக்கிறது. மீட்டர் காட்டியது 1297. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. 200 வாட்டை அமுக்கிவிட்டார்களே என்று கெட்டில் வாங்கிய கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எலிமென்ட் வீக் ஆயிடுச்சும்மா, மாத்திடலாம், 450 ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகள் வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அத்தை, வாட்டை விடுங்க. வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு காட்டுது?" என்றாள். பட்டனை அமுக்கிப் பார்த்தோம். 214 வோல்ட், 6.06 ஆம்பியர். பெருக்கினால் 1297, மீட்டர் சொன்னதேதான். அப்புறம் 214-ஐ 6.06-ஆல் வகுத்தாள். 35.3 ஓம். எலிமென்ட் கரண்ட்டை எவ்வளவு தடுக்கிறது என்கிற அளவு, அதாவது மின்தடை, இதுதான். கெட்டிலின் அடியில் இருப்பதை வைத்து இன்னொரு கணக்கு: 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் அதுவும் 35.3 ஓம். ஆக, எலிமென்ட்டின் மின்தடை புதிதில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கெட்டில் மேல் ஒரு குற்றமும் இல்லை. வோல்ட்தான் குறைவு. வோல்ட் கொஞ்சம் இறங்கினால் ஆம்பியரும் சேர்ந்து இறங்குகிறது. இரண்டையும் பெருக்குவதால் வாட் இரட்டிப்பாக அடி வாங்குகிறது. 7 சதவீதம் குறைந்த வோல்ட்டுக்கு வாட்டில் 13 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

சரி, வோல்ட் ஏன் குறைகிறது? கெட்டிலை அணைத்தால் அதே சாக்கெட்டில் 226 காட்டியது. போட்டால் 214. மீட்டரைக் கூடத்துக்குக் கொண்டுபோய் அங்கே கெட்டிலைப் போட்டோம். 226-இலிருந்து 223-க்குத்தான் இறங்கியது. கூடத்தில் 3 வோல்ட், அடுக்களையில் 12 வோல்ட். கூடத்துக்கு இறங்குகிற 3 வோல்ட்டைக் கழித்துவிட்டாலும் அடுக்களைப் பாதையில் 9 வோல்ட் கூடுதலாகக் காணாமல் போகிறது. 9 பெருக்கல் 6.06, கிட்டத்தட்ட 54 வாட். கெட்டிலுக்குப் போக வேண்டிய சூடு சுவருக்குள் எங்கேயோ இறங்குகிறது. ரேடியோ ரிப்பேர்காரர் கையில் இருக்கும் சால்டரிங் இரும்பு 25 வாட்தான், அதற்கே ஈயம் உருகும். அவள் இதைச் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போர்டைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருந்தது. இத்தனை நாள் அடுப்புச் சூடு என்று நினைத்திருக்கிறேன்!

மறுநாள் எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினார். சாக்கெட்டின் பின்னால் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, ஒயரின் முனை கருகி, பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தது. கருகியதை வெட்டிவிட்டுப் புது சாக்கெட் போட்டார். இப்போது கெட்டில் ஓடும்போது 223 வோல்ட், 6.32 ஆம்பியர், 1409 வாட். வகுத்தால் அதே 35.3.

இந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். கிரைண்டரை மாட்டினேன்: 226 வோல்ட், 1.1 ஆம்பியர். பெருக்கினால் 249 வருகிறது, மீட்டர் காட்டுவதோ 160 வாட். மீட்டர் கெட்டுப்போகவில்லை. மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை, அதனால் இரண்டையும் சும்மா பெருக்கக் கூடாது. அதற்குத்தான் பவர் ஃபேக்டர் என்று 0.64 காட்டுகிறது. 249-ஐ அதனால் பெருக்கினால் 160-க்கு அருகே வந்துவிடும். நம் வீட்டு யூனிட் ஓடுவது அந்த 160-க்குத்தான். கெட்டில், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடேற்றும் சாமான்களுக்கு மட்டும் நேர்ப் பெருக்கலும் வகுத்தலும் சரியாக வரும். ஓம் கணக்கு வேண்டுமென்றால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறைகள் உண்டு. திரையில் விளக்கு இல்லை. என் சாக்கெட் மிக்ஸிக்குப் பின்னால் இருப்பதால் போனை நீட்டிப் படமெடுத்துத்தான் படிக்கிறேன். மீட்டரின் உடம்பு அகலம், பக்கத்து ஸ்விட்சைப் பாதி மறைக்கிறது. போன் சார்ஜரைப் போட்டு போனைக் கழற்றிவிட்டால் 0 என்றே காட்டும், அவ்வளவு சின்ன அளவு இதன் கண்ணுக்குத் தெரியாது. நேரடியாக ஒயர் கொடுத்த கீசர், தண்ணீர் மோட்டார் இவற்றில் மாட்டவே வழியில்லை. கூடவே வந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாது.

கரண்ட் பில் குறையும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். என் போர்டில் வீணானது மாதத்துக்கு ஒரு யூனிட்கூட வராது, கெட்டில் ஓடுவதே நாளுக்கு அரைமணி நேரம். நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். வாங்கினால் கெட்டிலையோ இஸ்திரிப் பெட்டியையோ எடுத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு பெரிய சாக்கெட்டிலும் போட்டு, அணைத்த வோல்ட், ஓடும் வோல்ட் இரண்டையும் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் ஆறு சாக்கெட்டைப் பார்த்தோம். மாடியில் இன்னொன்று 8 வோல்ட் இறக்குகிறது, எலெக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.