பழைய அம்பாசிடர் வயரிங்: மொத்தமாக மாற்றுவதா, இருப்பதைச் சீர் செய்வதா?

ஹெட்லைட் மங்குகிறது, ஹாரன் ஒரு நாள் அடிக்கிறது மறுநாள் அடிப்பதில்லை, ஃபியூஸ் அடிக்கடி போகிறது. பழைய அம்பாசிடரை இந்த நிலையில் கொண்டுபோனால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் முதலில் வரும் பதில், "மொத்தமா வயரிங் மாத்திடலாம் சார்." இன்னொரு வழி, பழைய வயரையே வைத்துக்கொண்டு முனைகளையும் எர்த்தையும் (கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பை) புதுப்பிப்பது. எங்கள் வண்டிக்கு இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

செலவும் நேரமும் எல்லோருக்கும் தெரிந்தவை. மொத்தமாக மாற்ற டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும், வண்டி பட்டறையில் நிற்கும். சீர் செய்வதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பகுதியாக வீட்டிலேயே முடிக்கலாம்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வேறு விஷயம்: அடுத்த பழுது வரும்போது அதைக் கண்டுபிடிக்க முடியுமா? அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த வண்டி. அதன் வயர்கள் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனியின் நிறக்குறிப்படி ஓடுகின்றன. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி திருப்பியதும் வருவது. பச்சை, அதே கரண்ட் ஃபியூஸ் தாண்டி வருவது. ஊதா, சாவி இல்லாமலும் ஃபியூஸ் வழியாக இருப்பது. சிவப்பு பார்க்கிங் விளக்குக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு. அதில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். கருப்பு எர்த். பிரேக் லைட் எரியவில்லையா? சுவிட்சில் பச்சை வயரில் டெஸ்ட் லாம்ப் எரிந்து, பெடலை மிதித்தும் பச்சை-ஊதாவில் எரியவில்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது. பாபநாசம் தாண்டி ரோட்டோரத்தில் நின்றுகொண்டுகூட இதைப் பார்த்துவிடலாம்.

பட்டறையில் கையால் புதிதாக இழுக்கும்போது பெரும்பாலும் கையில் இருக்கும் இரண்டு மூன்று நிறங்களிலேயே வேலை முடிந்துவிடுகிறது. அன்றைக்கு எல்லாம் எரியும். இரண்டு வருடம் கழித்து ஒரு விளக்கு அணைந்தால், இழுத்தவரையே தேடிப்போக வேண்டும். இல்லையென்றால் டேப்பை முழுக்கப் பிரிக்க வேண்டும். அது பழைய வயரின் முனையில் களிம்பு பிடிப்பதைவிடப் பெரிய கஷ்டம்.

அதோடு, வயரின் நடுப்பகுதி கெடுவது குறைவு. கெடுவது முனைதான். ஐப்பசி, கார்த்திகை ஈரம் எல்லா ஊருக்கும் உண்டு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்லட் இணைப்பை இழுத்துப் பாருங்கள்: குண்டு முனையில் பச்சைக் களிம்பு, ரப்பர் உறைக்குள் துருப்பிடித்த குழாய். பழுது அங்கே இருக்கிறது.

சந்தேகத்தைத் தீர்க்க மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை பல்பின் எர்த்தில்: 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. அடுத்து பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்புக்கு வரும் முனைக்கும் நடுவே: 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். மங்கலுக்குக் காரணம் இதுதான், பல்பு அல்ல. பிரேக் மிதிக்கும்போது பார்க்கிங் விளக்கு மங்கினாலோ, இண்டிகேட்டரோடு சேர்ந்து துடித்தாலோ பின்பக்க எர்த்தைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு எர்த் பட்டை உண்டு. அது அறுந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிளைத் தொட்டால் சுடும்.

சீர் செய்ய, முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, வயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கிப் பிடிக்கவைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கிரிம்ப் செய்த இடத்தில் ஈயப்பற்று வேண்டாம். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, ஆட்டத்தில் ஒடியும். ஹெட்லைட்டுக்கு டிம், பிரைட் தனித்தனியாக இரண்டு ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். அதன் கால்களில் எண் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸோடு 2.5 சதுர மி.மீ. வயர், 87 விளக்குக்கு, 86-இல் அந்தந்தக் கோடு போட்ட பழைய நீல வயர், 85 எர்த். இரண்டு 55 வாட் பல்பு இழுக்கும் ஒன்பது ஆம்பியர் இனிமேல் பழைய சுவிட்ச் வழியாக ஓடாது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால், அதன் இடத்தில் 21 வாட் பல்பைக் கட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளீரென்று எரியும். இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவாருங்கள். எதைக் கழற்றியதும் அணைகிறதோ அந்தக் கிளையில்தான் குற்றம்.

மொத்தமாக மாற்றத்தான் வேண்டும் என்கிற வண்டிகளும் உண்டு. இன்சுலேஷனை மூன்று இடத்தில் உரித்துப் பார்த்து, செம்பு உள்ளேவரை கறுத்திருந்தால் புது லக் நிற்காது. வளைத்தால் உறை வெடிப்பது, வயர்க் கட்டு ஒருமுறை எரிந்து உருகியது, வெள்ளத்தில் டாஷ்போர்டுவரை மூழ்கியது, சம்பா அறுப்புக்குப் பிறகு வைக்கோல் பக்கத்தில் நிறுத்தி எலி பல இடத்தில் கடித்தது: இவற்றுக்கு ஒட்டுப்போடுவது ஆபத்து, தீப்பிடிக்கும். பிரீமியர் பத்மினி காருக்கு இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். அது ஃபியட் 1100 வழி வந்தது, மேலே சொன்ன நிறக்குறி அதற்குப் பொருந்தாது.

மாற்றுவதாக இருந்தால் நிறம் பிசகாத வயரையே கேளுங்கள். கிடைக்காத நிறத்துக்கு இரண்டு முனையிலும் எண் போட்ட ஸ்லீவ் மாட்டச் சொல்லி, அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுசு முழுதாக ஓடும்வரை பழைய செட்டைத் தூக்கிப் போட வேண்டாம்; எந்தக் கிளை எவ்வளவு நீளம், எங்கே பிரிகிறது என்பதற்கு அதுதான் அளவு.