மோக்கா பாட்: கேஸ்கட் மாற்றிய கையோடு எழுதுகிறேன்

அடித்தட்டில் கொதிக்கும் தண்ணீரை ஆவியின் அழுத்தம் பொடி வழியே மேல்தட்டுக்கு ஏற்றிக் காபி இறக்கும் அடுப்புப் பாத்திரம்தான் மோக்கா பாட். அதை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் கேஸ்கட்டோடு மல்லுக்கட்டி முடித்த அன்றைக்கே கேட்டது அவர் நேரம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரியே பில்டரில் பொடி போட மறந்தால், காலையில் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை யாரோடும் பேசப் பிடிக்காது. இதில் ஐந்தாறு நிமிடம்தான். அடித்தட்டில், பக்கவாட்டில் இருக்கும் பாதுகாப்பு வால்வுக்குக் கீழே நிற்கும்படி வெந்நீர், மிதமான தீ, அவ்வளவே. மூடியைத் திறந்து வைத்தால், நடுத்தண்டிலிருந்து முதலில் கருகருவென்று வழியும். நிறம் வெளுத்துக் களகளவென்று சத்தம் வந்ததும் அணைத்துவிட வேண்டும், விட்டால் கசக்கும். பொடியை வெந்நீரில் ஊறவைத்து அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸும் வைத்திருந்தேன். அதில் இறங்குவது பால் ஊற்றியதும் காணாமல் போய்விடும், இது தாங்குகிறது. மெஷினில் போடும் எஸ்பிரெசோவே இதில் வரும் என்று சொல்லி விற்கிறார்கள், நம்பாதீர்கள். அதற்கு 9 பார் அழுத்தம் வேண்டும், இதில் ஒன்று, ஒன்றரை வந்தால் அதிகம்.

பொடி விஷயத்தில் வம்பு உண்டு. வீட்டில் இருக்கும் 80:20 பொடி (காபி 80, சிக்கரி 20) இதற்கு ஆகாது. சிக்கரி நனைந்தால் களியாகிவிடும். பில்டரில் தண்ணீரை மெதுவாக இறக்கி டிகாக்ஷனைக் கெட்டியாக்கும் அதே குணம், இங்கே வழியை அடைத்து வால்வைச் சீற வைக்கிறது. அதனால் பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை ரகமும் பாதிப் பாதி, சிக்கரி இல்லாமல், கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து வாங்குகிறேன். அரைக்கிற தம்பி "பில்டருக்குத்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டே நைசாக ஓட்டிவிடுவார், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

சரி, கேஸ்கட். வெள்ளை ரப்பர் வளையம் நாளாக ஆகப் பழுப்பாகி இறுகிவிடுகிறது. அப்புறம் மேல்தட்டும் அடித்தட்டும் திருகிச் சேரும் இடுப்பு வழியே ஆவி கசியும், டிகாக்ஷன் பாதிதான் மேலே ஏறும். ஸ்பூன் காம்பால் நெம்பினால் துண்டு துண்டாக உடைந்து வருகிறது, அடியில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பாத்திரக் கடையில் எந்தக் காலத்துக் குக்கருக்கும் கேஸ்கட் தொங்குகிறது. இதற்குக் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தால் '3 கப்' என்பதே கம்பெனிக்கு ஒரு விட்டம். அந்த 3 கப்பும் இத்தாலிக்காரர் கணக்கு. மொத்தம் 130 மில்லி சொச்சம், நம் டம்ளருக்கு இரண்டு பேருக்குத்தான் காணும். விருந்தாளி வந்தால் பழையபடி பில்டர்.

புது வளையம் மாட்டிப் போட்ட முதல் காபி பிரமாதம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்குச் சொன்ன பதில், வேண்டாம். எவர்சில்வர் பில்டரில் ரப்பர் கிடையாது, ஓட்டை அடைத்தால் அடுப்புத் தீயில் காட்டினால் தீர்ந்தது. இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் கேஸ்கட்டும் இரண்டு சேர்த்து ஆர்டர் போடுங்கள். இன்டக்ஷன் அடுப்புக்காரர்கள் ஸ்டீல் மாடலாகப் பாருங்கள், சாதா அலுமினியம் அதில் சூடேறாது.