நீக்கினோம், காரணம் இதோ: ஐரோப்பிய ஆணையத்தின் தரவுத்தளம் பற்றி ஒரு மதிப்புரை

பார்க்க அழகான தளம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தேடல் பெட்டி, சில எண்கள், நிறைய அட்டவணை. அரசாங்க இணையதளம் எப்படி இருக்குமோ அப்படித்தான். ஆனால் ‘ஐரோப்பா இணையப் பேச்சைத் தணிக்கை செய்கிறது’ என்று வாஷிங்டனும், ‘இல்லவே இல்லை’ என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸும் மாறி மாறி அறிக்கை விடுகிறார்களே, அந்தச் சண்டையின் கணக்குப் புத்தகம் இங்கேதான் திறந்து கிடக்கிறது. இலவசம். பதிவு செய்துகொள்ளவும் தேவையில்லை. உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறது. சமூக ஊடகம், விற்பனைத் தளம் போன்ற இணையத் தளங்கள் ஒருவருடைய பதிவை நீக்கினாலோ, கண்ணில் படாமல் அமுக்கினாலோ, கணக்கை முடக்கினாலோ அவருக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். அது 17ஆவது பிரிவு. அந்தக் காரணத்தை, தனிநபர் விவரங்களை எடுத்துவிட்டு, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது 24ஆவது பிரிவு. அப்படி வருவதையெல்லாம் கொட்டிவைக்கத் தொடங்கிய இடம்தான் இந்தத் தரவுத்தளம். 2023 செப்டம்பரில் திறந்தார்கள். ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் பெரிய தளங்கள் முதலில் வந்தன. 2024 பிப்ரவரி 17 முதல் மற்றவையும் அனுப்பியாக வேண்டும், குறு, சிறு நிறுவனங்கள் நீங்கலாக.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்றால், நான் சில வருடம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். ஒரு பெரிய தளத்துக்காக ஒப்பந்த முறையில் பதிவுகளைப் பார்த்து முடிவு சொல்லும் வேலை. பெயர் வேண்டாம். க்யூவில் ஒன்று வரும், எந்த பாலிசி என்று பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆக்‌ஷன் கொடுக்க வேண்டும், அடுத்தது வந்துவிடும். அந்த க்ளிக் எங்கே போய்ச் சேர்கிறது என்று அப்போது யாரும் சொன்னதில்லை.

சரி, உள்ளே போவோம். எடுத்தவுடன் பெட்டியில் எதையாவது தட்டித் தேடாதீர்கள். கூகுள் ஷாப்பிங் அனுப்பிய விளம்பரப் பொருட்களின் பட்டியல் வெள்ளமாக வந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். கோடிக்கணக்கில் அனுப்புகிறார்கள். முகப்பில் மின்னும் பிரம்மாண்டமான எண்ணிக்கையை யாராவது தணிக்கைக்குச் சான்றாகக் காட்டினால், அதில் பெரிய பங்கு விதிக்கு ஒத்துவராத விற்பனைப் பட்டியல்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். மேம்பட்ட தேடலில் தளத்தின் பெயரையும் வகையையும் குறித்துக்கொண்டு தேடினால்தான் விஷயத்துக்கு வர முடியும்.

நிறுவனம் அனுப்பிய ஒரு காரணப் பதிவைத் திறந்தால் இப்படி இருக்கும். எந்தத் தளம். என்ன நடவடிக்கை: நீக்கமா, காட்சிக் குறைப்பா, வருமானத் தடையா. எந்த அடிப்படையில்: சட்டவிரோதம் என்றா, தளத்தின் சொந்த விதிக்கு எதிரானது என்றா. கண்டுபிடித்தது இயந்திரமா. முடிவெடுத்தது முழுக்க இயந்திரமா, பாதியா, இல்லையா. எந்தெந்த நாடுகளில் செல்லும். கடைசியில் நடந்தது என்ன என்று சுதந்திரமாக எழுத ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஏதாவது கதை இருக்கும் என்று ஆசையோடு படித்தேன். பல தளங்கள் ஒரே வாக்கியத்தை லட்சக்கணக்கான பதிவுகளுக்கு ஒட்டி அனுப்பியிருக்கின்றன. எந்த வாக்கியம் எந்த பாலிசி பட்டனிலிருந்து பிறந்திருக்கும் என்று இந்த வேலை பார்த்தவர்களால் ஏறக்குறைய சொல்லிவிட முடியும்.

இந்தத் தரவுத்தளத்தின் மதிப்பு அந்த ‘அடிப்படை’ என்ற கட்டத்தில் இருக்கிறது. மிகப் பெரும்பான்மையான பதிவுகளில் ‘தளத்தின் சொந்த விதி’ என்றே இருக்கிறது; ‘சட்டவிரோதம்’ என்பது சொற்பம். அதாவது கலிபோர்னியாவிலோ வேறெங்கோ நிறுவன வழக்கறிஞர்கள் எழுதிய விதிப்படி நிறுவனமே நீக்கியது. பிரஸ்ஸல்ஸ் அதிகாரி ஒருவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் படம் இந்த அட்டவணையோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

அதற்காக அமெரிக்கத் தரப்பை முழுதாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. அவர்கள் கேட்பது வேறு: உங்கள் சட்டத்துக்குப் பயந்து நிறுவனங்கள் உலகம் முழுவதற்கும் விதியை இறுக்கினால் அமெரிக்கர் பேச்சும் போகிறதே, அதற்கு என்ன பதில்? நியாயமான கேள்விதான். இந்தத் தரவுத்தளத்தில் அதற்குக் கட்டமே இல்லை. ‘எந்தெந்த நாடுகளில்’ என்ற இடத்தில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளை (ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைனும்) மட்டுமே குறிக்க முடியும். அதே பதிவு டெக்சாஸிலும் மறைந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இவ்வளவு பணம் செலவழித்துக் கட்டியவர்கள் எதிராளி கேட்கும் முதல் கேள்விக்கு ஒரு பெட்டி வைத்திருக்கலாம்.

இன்னொரு குறை, ‘சட்டவிரோத அல்லது தீங்கான பேச்சு’ என்று ஒரே வகை வைத்திருப்பது. சட்டவிரோதம் வேறு, தீங்கு என்று ஒருவருக்குத் தோன்றுவது வேறு. சண்டையே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. அதை ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, நீக்கப்பட்ட பதிவு இங்கே இருக்காது. யார் எழுதினார் என்பது வேண்டாம், என்ன எழுதினார் என்பதும் இல்லை. தனியுரிமைக் காரணம் புரிகிறது. ஆனால் நீக்கியது சரியா என்று வெளியாள் தீர்ப்பு சொல்ல இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நிறுவனம் சொன்னதைத்தான் படிக்கிறோம்.

2025 டிசம்பரில் எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்துக்கு ஆணையம் 12 கோடி யூரோ அபராதம் போட்டபோது நான் மறுபடி இங்கே வந்து துழாவினேன். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அதை அமெரிக்கத் தளங்கள் எல்லாவற்றின் மீதும் நடந்த தாக்குதல் என்றார். அதே மாதத்தில் முன்னாள் ஆணையர் தியரி ப்ரெத்தோன் உள்பட ஐந்து பேருக்கு அமெரிக்க விசா தடை வந்தது. அபராதத்துக்குச் சொன்ன காரணங்களோ மூன்று: நீல டிக் ஏமாற்றும் விதத்தில் இருக்கிறது, தளத்தில் வந்த விளம்பரங்களை யாரும் பார்க்கும்படி வைக்கும் விளம்பரக் களஞ்சியம் ஒழுங்காக இல்லை, ஆய்வாளர்களுக்குப் பொதுத் தரவு தரவில்லை. எந்தப் பதிவையும் நீக்கவில்லை என்பதற்காக அல்ல. எக்ஸ் மீதான மற்ற விசாரணைகள் தனி. எனவே இந்த அபராதம் பற்றித் தரவுத்தளத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது, அகப்படவும் கூடாது.

நட்சத்திரம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஐந்துக்கு மூன்று. பத்திரிகையாளர்களுக்கும் மாணவர்களுக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். என் பதிவை ஏன் தூக்கினார்கள் என்று தேடி வருபவர்கள் திரும்பிப் போகலாம். தளம் உங்களுக்கு நேரடியாக அனுப்பிய காரணக் கடிதத்தில் இருப்பதைவிட அதிகம் இங்கே கிடைக்காது. ஒன்றியத்தில் இருந்தால் 21ஆவது பிரிவின்படி நீதிமன்றத்துக்கு வெளியே தகராறு தீர்க்கும் அமைப்புகள் இருக்கின்றன, அங்கே போங்கள்.

அப்புறம், தரவிறக்கம் செய்ய நினைப்பவர்களுக்கு: நாள்வாரியாகக் கோப்புகள் கிடைக்கின்றன, சுருக்க வடிவம், முழு வடிவம் என்று இரண்டு. எல்லாத் தளங்களுக்குமான முழு வடிவத்தை எடுத்து எக்செல்லில் திறக்க முயன்றால் கணினி உறைந்துவிடும். ஒரே ஒரு தளத்தின் சுருக்கக் கோப்பில் தொடங்குங்கள். பெரிய அளவில் அலச ஆணையமே ஒரு பைத்தான் கருவித்தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. பழைய காரணப் பதிவுகள் தேடலிலிருந்து விலகிவிடும், அதனால் வேண்டிய நாட்களின் கோப்புகளை இப்போதே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.